மகளுக்கு மட்டும் மேக்கப் வேண்டாமாம்

போன செவ்வாய்க்கிழமை. பாலே வகுப்பு முடிந்து வந்த என் ஒன்பது வயது மகள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, கலைவிழாவுக்கு எல்லாரும் முகத்துக்கு மண்ணிறப் பெயின்ற் பூச வேணுமாம். எனக்கு மட்டும் தேவையில்லையாம். நான் ஃபொர்துனாத்தாவாம்."

ஃபொர்துனாத்தா என்றால் இத்தாலியனில் அதிர்ஷ்டக்காரி. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். பிள்ளையைத் திரும்பவும் சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னாள்.

மறுநாள் காலை, நான் வேலை செய்யும் இத்தாலிய அம்மா, சிஞ்ஞோராவின் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு நேரே பஸ் ஏறினேன். அவர் வீடு இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பாலே வகுப்பு வரைக்கும், பேசவேண்டியதை இத்தாலியனில் ஒத்திகை பார்த்தபடியே போனேன். கோபத்தில் இலக்கணம் எங்கே ஒழுங்காக வருகிறது?

டீச்சர் சிரித்த முகத்தோடு வரவேற்று, சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பத்திரிகைப் பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஏதோ ஒரு பாலே மேடை. திரையில் யானைகள். நடுவில் வெள்ளைக்காரி ஒருத்தி கால் நுனியில் நிற்கிறாள். ஓரத்தில் கறுத்த முகங்கள் ஆறு, மயிலிறகு விசிறியோடு குந்தியிருக்கின்றன.

"இந்தக் காட்சியைத்தான் அப்படியே மேடையில் கொண்டுவரப் போகிறோம்" என்றார். "இந்தியா!"

"ஓரத்தில் இருப்பவர்கள் யார்?"

"அரசியின் அடிமைகள்."

"என் மகள்?"

"அவளும் அதில்தான். அவளுக்கு மேக்கப்பே தேவையில்லை, எவ்வளவு வசதி..."

பாதியில் குரல் நின்றது. தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை."

"தெரியும்" என்றேன். "அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. டீச்சரே எழுந்து, "பெயின்ட் வேண்டாம். அடிமைகளும் வேண்டாம். பிள்ளைகள் அவரவர் முகத்தோடேயே ஆடட்டும்" என்றார். மன்னிப்பும் கேட்டார்.

வென்றுவிட்டேன், இல்லையா? வீட்டுக்கு வந்து மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கள் ஏன் போய்க் கதைச்சனீங்கள்?"

"உன்னை அடிமையா இருக்கச் சொன்னவையெல்லோ, பிள்ளை?"

"ஓம், தெரியும். ஆனா அண்டைக்கு ஒருநாளாவது எல்லாரும் என்னை மாதிரி இருந்திருப்பினம்."

டீச்சர் சொன்னதைவிட இதுதான் என்னை உலுக்கியது. பிள்ளை அந்த வகுப்பில் சேர்ந்து இரண்டு வருஷம். கட்டணம் கட்டினேன், சப்பாத்து வாங்கினேன், வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். ஒன்றை மட்டும் கேட்டதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அங்கை உனக்கு எப்பிடி இருக்கு, பிள்ளை?"

சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் எடுத்தது.