வேணும்னு தூக்கல

பெங்களூரு மர்பி டவுன் பஸ் ஸ்டாப்பில் இன்று சாயங்காலம் ஒரு பஞ்சாயத்து.

ஜெர்சியில் சேறு காயாத இரண்டு பையன்கள். ஒரே தெரு, வேறு வேறு கல்லூரி. இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே இன்று கால்பந்து அரையிறுதி. கடைசி நிமிடத்தில் ஒருவன் கையில் பந்து பட்டதென்று ரெஃப்ரி பெனால்டி கொடுக்க, அவன் டீம் தோற்றுவிட்டது.

"மச்சா, நான் வேணும்னு கை தூக்கலடா. குதிச்சேன், அது தானா மேல போச்சு."

"தானா போறதுக்கு அது என்ன ரெக்கையா?" என்றான் ஜெயித்தவன்.

"இங்க பாரு" என்று தோற்றவன் எகிறிக் குதித்துக் காட்டினான். கை மேலே போனது.

வந்துகொண்டிருந்த பஸ் சடாரென்று நின்றது.

இரண்டு பேரும் ஏறவில்லை. ஏறாதவன் எதற்குக் கையைத் தூக்கினாய் என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார்.

"பேக்கந்த எத்தில்லா சார்!" தோற்றவனின் அதே 'வேணும்னு தூக்கல' வாதம்தான், இந்த முறை கன்னடத்தில்.

"ரெஃப்ரிகிட்டயும் இதையேதான் சொன்னான்" என்றான் மற்றவன்.

கண்டக்டரும் நம்பவில்லை. முறைத்துக்கொண்டே விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது.

நான் ஏற வேண்டிய பஸ் அது. தீர்ப்பு கேட்டு நின்றதில் ஏற மறந்துவிட்டேன்.

பஸ்ஸை வேண்டுமென்று விடவில்லை என்று சொன்னால் வீட்டில் நம்புவார்களா, இல்லை எனக்கும் பெனால்டிதானா? நீங்களே சொல்லுங்கள்.