பூஜ்யத்தை அமுக்குங்க

"வணக்கம், சொல்லுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய உள்ளங்கை ரிசீவரின் வாயைப் பொத்திவிடும். பொத்தியபடியே உள்ளே பார்த்து, "முதலாளி, அந்தப் பம்புக்காரர். இருக்கீங்களா, இல்லையா?" என்பாள். கையை எடுத்தால் குரலில் சர்க்கரை கரைந்திருக்கும். "இப்பத்தான் வெளியே கிளம்பினாருங்க." மோட்டார் உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு லைன் அக்கா என்றுதான் பெயர். எவருக்கு நிஜமாகவே அவசரம், எவர் சும்மா சத்தம் போடுகிறவர், எவர் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, எல்லாம் அவள் காதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

மழை பெய்தால் பழைய லைன் கரகரக்கும், அதை இல்லை என்று சொல்ல முடியாது. முதலாளி இணையத்தில் ஓடும் போனுக்கு மாறினார். மேஜைக்கு மேஜை ஒரு போன். கூப்பிடுகிறவர்களை வரவேற்க ஒரு குரலை மட்டும் பதிந்து வைக்கவேண்டும். "அதுக்கு லைன் அக்காவை விட்டா யாரு?" என்றார். அவள் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குரலைப் பிடிக்கத் தலைமுடி எதற்கு என்று அவளிடம் யார் கேட்பது?

வந்தது வினை. "வணக்கம்" என்பாள், நிறுத்திவிடுவாள். அந்தப் பக்கம் பதில் வணக்கம் வரவேண்டாமா?

"நிக்காம பேசுங்கம்மா" என்றான் போன் மாட்ட வந்தவன்.

"எப்படிப்பா பேசறது? அந்தப் பக்கம் ஆளே இல்லையே."

கடைசித் தடவை, "விற்பனைக்கு ஒன்றை அமுக்கவும்" என்பது வரைக்கும் நன்றாக வந்தாள். அடுத்து வாய் தானாக, "சாப்டாச்சா?" என்றது. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

பில் போடும் மேஜையிலிருந்து அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, எழுந்து வந்தாள். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று முதலாளியிடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டதே லைன் அக்காதான். "நான் ஒரு தரம் பாக்கட்டாக்கா?" என்றாள். ஒரே மூச்சில் முடித்தாள். முதலாளி கை தட்டினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

அன்றையிலிருந்து வீட்டில் ஓரகத்தி வாயைத் திறந்தாலே, "ஒண்ணை அமுக்கணுமா, ரெண்டை அமுக்கணுமா?" என்பாள் இவள். ஓரகத்தியும் லேசுப்பட்டவள் இல்லை. "உப்பு பத்தலைன்னா மூணை அமுக்குங்கக்கா." மாமியார் அதற்குச் சிரித்ததை இவள் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது இவள் மேஜைக்கு வருவது பூஜ்யம் மட்டும்தான். "மற்ற உதவிகளுக்கு" என்று ஓரகத்தியின் குரல் கடைசியில் சொல்லும் பூஜ்யம். அதுவரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? பாதி நாள் போன் ஊமையாய்க் கிடக்கும். அதனால் பழைய வாடிக்கையாளர்களுக்கு இவளே போன் போடுகிறாள். "அந்தப் பாட்டைப் பூரா கேட்டுட்டு நிக்காதீங்க. எடுத்ததும் பூஜ்யத்தை அமுக்குங்க, நான் வந்துடறேன்." அவர்களும் அமுக்குகிறார்கள். நேரே போகவேண்டிய பேச்செல்லாம் இவளைச் சுற்றிக்கொண்டு போகிறது.

போன வாரம் பம்புக்காரர் கூப்பிட்டார்.

"இன்னிக்குத்தாம்மா அவசரப்படாம முழுசாக் கேட்டேன். மெஷின்ல பேசறது நீதானே? கொஞ்சம் இளமையாத் தெரியுது. ஆனா என்ன குரல்மா, கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

எதிர் மேஜையில் ஓரகத்தி பில்லுக்குள் தலையை விட்டிருந்தாள். புது போன் தலையில் மாட்டுவது, பொத்துவதற்கு அதில் வாயே கிடையாது. ஆனாலும் லைன் அக்காவின் உள்ளங்கை எழுந்தது. போன பக்கம்தான் வேறு. ஓரகத்தி இருக்கும் திசைக்குத் தடுப்பாகத் தன் வாயோரத்தில் அதை நிறுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நானேதாங்க. வேற யாரு இருக்கா இங்க?" என்றாள்.