வரப்பு நண்டு

கல்லலுக்குப் பக்கத்தில், கண்மாய்க்குக் கீழே இருந்தது எங்கள் வயல். அதற்கு அடுத்த தாழ்ந்த வயல் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்குச் சீராகக் கொடுத்தது. ஒரு கல்யாணப் பந்தியில் மனம் கோணியதிலிருந்து அப்பாவுக்கும் அத்தை வீட்டு மாமாவுக்கும் பேச்சில்லை.

எங்கள் பக்கம் யூரியா வந்த புதிது. உப்பு என்றுதான் சொல்வோம். அப்பா அதை வீசிய பிறகு எங்கள் பயிர் கருகருவென்று எழுந்தது. மாமாவின் பயிர் வெளுத்து நின்றது. மாடுகளை விற்றுவிட்டதால் அவரிடம் குப்பை உரமும் இல்லை. இந்த வெள்ளாமை பொய்த்துப்போனால் வயலை விற்றுவிட்டு ஊரை விட்டே போக வேண்டும் என்று அத்தை அம்மாவிடம் அழுதாள். அப்பா அரை மூட்டை உப்பு கொடுத்தனுப்பினார். மாமா அதைக் கொண்டுவந்து எங்கள் வரப்பிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை உப்பு வீசியதும், தண்ணீர் வெளியே போகாமல் வாய்மடையை அடைத்துவிட்டு என்னைக் காவல் வைத்தார் அப்பா. கார்த்திகை மாதத்துப் பனி. வானம் முழுவதும் வயலுக்குள் கிடந்தது. கொக்கு ஒரு அடி எடுத்து வைத்தால் மேகம் நடுங்கும். பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவேன். விழிக்கும்போது வரப்பு உடைந்து, தண்ணீர் மெல்லிய சத்தத்தோடு கீழ் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சேற்றை அள்ளி அடைப்பேன். மறுநாளும் அதே இடம் திறந்திருக்கும்.

"நண்டு தோண்டிருக்கும்டா" என்றார் அப்பா.

"நண்டு மம்பட்டி அகலத்துக்கா தோண்டும்?"

"நம்ம கம்மா நண்டு அப்புடித்தான்."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் நண்டு வளக்குறீக" என்றாள்.

ஒருநாள் மாமா வரப்பில் வந்து நின்றார். அப்பா பக்கத்தில் இருந்தும் என்னிடம்தான் பேசினார். "மாப்ள, ஒங்கப்பாருக்கு ஒரு வரப்பு கட்டத் தெரியல. வேணும்னா வந்து நான் கத்துக் குடுக்குறேன்னு சொல்லு."

யாரிடமும் ஒரு சொல் தாங்காத அப்பா, குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

தை பிறந்து அந்த வயலும் விளைந்தது. புது நெல்லில் இடித்த அவலை அத்தை என் துண்டில் முடிந்தாள். "மருமகனே, அந்த நண்டுக்கும் குடுத்துரு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் நேரே வரப்புக்கு ஓடினேன். ஒரு நண்டு வளையைத் தேடி, அதன் வாயில் அவல் முழுவதையும் கொட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வாய் மிச்சம் வச்சிருக்கக் கூடாதாடா" என்றார்.

நண்டுக்கென்று கொடுத்ததில் இவருக்கு எப்படிப் பங்கு வரும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.