குடிபோன வீட்டுப் பால்

ராஜபாளையத்தில் மில் வேலை கிடைத்து, மலையடிவாரத் தெருவில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். குடிபோன அன்று பால் காய்ச்சினேன். கூச்சத்தில் அக்கம்பக்கம் யாருக்கும் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன். அன்றிலிருந்து கீழ்வீட்டு அக்கா என்னைக் கண்டாலே கதவைச் சாத்துவார். எனக்கும் வெறுப்பு ஏறியது. ஒருநாள் மழை இறங்கியபோது, மொட்டைமாடியில் என் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடையதை வேண்டுமென்றே நனையவிட்டேன்.

அடுத்த வாரம் நான் மில்லில் இருக்கும்போது மழை கொட்டியது. எனக்கு இரண்டே யூனிபார்ம் சேலை. ஒன்று மொட்டைமாடிக் கொடியில் கிடந்தது. உடுத்தியிருந்தது வீட்டுக்கு வரும் வழியில் நனைந்தது. யூனிபார்ம் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே கொடியில் கிடந்த சேலை, சொட்டு ஈரமில்லாமல், மடித்தபடி. கீழேயிருந்து அக்கா கத்தினார்.

“ஏட்டி, பால் காய்ச்சுனா ஒரு வாய் குடுக்கத் தெரியாது. எம்புட்டுத் திமிரு இருந்தா எந்துணிய நனைய விட்டுட்டுப் போவ?”

பால் காய்ச்சி எடுத்துப்போய் அவர் கதவைத் தட்டினேன். நின்றபடியே முழுவதையும் குடித்தார்.

“சீனி பத்தல” என்று டம்ளரை நீட்டினார்.

அவர் இன்னும் என்னிடம் சிரித்ததில்லை. ஆனால் மலைப்பக்கம் மேகம் இருட்டினால் நான் முதலில் எடுப்பது அவருடைய துணிகளைத்தான்.