கொலுப்படிக்குக் கீழே ஒரு கடல்

தெருவில் எல்லோரும் பர்வதத்தை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கி, மேலே படிக்க ஆசைப்பட்டு, அதற்குப் பதிலாக ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா கனகசபாபதியைக் கட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்து சேர்ந்தவள். படிப்பு நின்றதே தவிர, பாடம் நிற்கவில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அதைக் கொலுவில் வைத்துவிடுவாள்.

ஒரு வருஷம் செட்டியார் பொம்மையின் தொந்தியில் தாள் ஒட்டிக் குடலை வரைந்து வைத்தாள். பாட வந்த பெண்கள் சுண்டலைத் தொடாமல் எழுந்து போனார்கள். இன்னொரு வருஷம் கொசுவின் வாழ்க்கை. அழகுக்கு வைத்த தண்ணீர்த் தட்டில் நிஜக் கொசுக்களே வந்து முட்டையிட்டன. தெருவே அவளைத் திட்டிக்கொண்டு சொறிந்தது.

1979-ல் பெண்கள் பள்ளிச் சோதனைக்கூடத்துக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டது. பர்வதம் போய்த் தலைமையாசிரியை ஞானாம்பாளிடம் கேட்டாள்.

“உங்க கொலுவைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். இந்த வருஷம் வந்து பாத்துட்டுச் சொல்றேன்,” என்றார் அவர்.

பர்வதத்துக்குச் சம்பளத்தைவிட அங்கிருந்த மைக்ராஸ்கோப்பின் மேல்தான் கண். பாக்டீரியாவைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவள், ஒரே ஒரு பாக்டீரியாவைக்கூட நேரில் பார்த்ததில்லை. இது அவளுக்கும் கனகசபாபதிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்த ஆவணியில் ரேடியோவில் ஒரு பேச்சு கேட்டாள். பசிபிக் கடலின் அடியில், வெயில் எட்டவே எட்டாத இருட்டில், தரை வெடித்து வெந்நீர் கொப்பளிக்கிறதாம். அதில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு வாயு கலந்திருக்கிறது. அந்த வாயுவைக் கொண்டே அங்குள்ள பாக்டீரியாக்கள் தங்களுக்குச் சாப்பாடு தயாரித்துக்கொள்கின்றன. சூரியன் தேவையே இல்லை. அவற்றை நம்பி நண்டும் சிப்பியும் பிழைக்கின்றன. ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய்க்குள் ஒரு புழு இருக்கிறது. தலை மட்டும் செக்கச்சிவப்பு. அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அப்படியானால் அது எப்படிச் சாப்பிடுகிறது என்றால்—

கரண்ட் போய்விட்டது.

“வாயில்லாம ஒரு பிறவியா? ரொம்ப நிம்மதி,” என்றார் இருட்டில் கனகசபாபதி.

“உங்களைப் பத்தித்தாங்க பேசினாங்க,” என்றாள் பர்வதம்.

கொலுவின் கடைசிப் படிக்குக் கீழே கறுப்புத் துணி விரித்துக் கடலடி தயாரானது. கரண்ட் கம்பி நுழைக்கும் வெள்ளைப் பீங்கான் குழாய்களைச் செராமிக் கம்பெனியில் வேலை பார்த்த பூவாயி கொண்டுவந்தாள். சூளையில் வளைந்துபோய்க் கழிக்கப்பட்டவை.

“எல்லாரும் நேரா இருக்கறதைக் கேப்பாங்க. நீங்கதாம்மா கோணலாக் கேக்கறீங்க!” என்று சிரித்தாள்.

குழாய்களின் நுனியில் குங்குமத்தைக் குழைத்துப் பூசினாள் பர்வதம். பாக்டீரியாவுக்குக் கோலமாவைத் தூவினாள். நாற்றத்துக்கு முட்டை வேண்டும், ஆனால் சைவ வீட்டில் அது நடக்காது. பெருங்காயத்தைக் கரைத்துக் கிண்ணத்தில் வைத்தாள். விளக்கு மட்டும் வைக்கவில்லை.

முதல் நாளே அடுத்த வீட்டு ஆதிலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

“ஏம்மா பர்வதம், வாசனை தூக்குது! இன்னிக்கு என்னா சுண்டல்?”

“அது சுண்டல் இல்லக்கா. கடல்.”

பர்வதம் உள்ளே போய்ச் சுண்டலோடு திரும்புவதற்குள் கடலடி மாறிவிட்டிருந்தது. சிதறிக் கிடந்த மாவை ஒன்றுசேர்த்து ஆதிலட்சுமி அழகான தாமரைக் கோலம் போட்டிருந்தாள். புழுக்களுக்கு முன்னால் அகல்விளக்கு எரிந்தது. பர்வதம் பதறிப்போய் அதை ஊதினாள்.

“வெளக்கை வாயால ஊதலாமா!”

“அங்க வெளிச்சமே கெடையாதுக்கா.”

“அதனாலதான நான் வெச்சேன்!”

மறுநாள் கோலம் பெரிதானது. அதற்கடுத்த நாள் புழுக்களுக்கு மல்லிகைச் சரம் சுற்றப்பட்டது. பர்வதம் வீட்டில் படிக்கு அடியில் நாகம்மாள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்துத் தெருவரை செய்தி போனது. இத்தனை வருஷத்தில் அவள் கொலுவுக்கு இப்படியொரு கூட்டம் வந்ததில்லை. அவளுக்கே கொஞ்சம் சபலம்தான். பேசாமல் இருந்துவிட்டால் என்ன?

சரஸ்வதி பூஜையன்று ஞானாம்பாள் வந்தபோது ஆதிலட்சுமி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

“என்ன அம்மன் இது?” என்று கேட்டார் ஞானாம்பாள்.

எல்லோரும் பர்வதத்தைப் பார்த்தார்கள்.

“அம்மன் இல்லீங்க. புழு.”

பாட்டு நின்றது. “புழுவா? இத்தினி நாளா புழுவுக்கா பூ வெச்சேன்?”

“நல்ல புழுக்கா,” என்றாள் பர்வதம் பாவமாக. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வெந்நீரையும் வாயுவையும், சூரியனை நம்பாத பாக்டீரியாவையும் விளக்கினாள்.

“அந்த பாக்டீரியா எங்க?”

“இங்கதாங்க தூவியிருந்தேன். அக்கா கோலம் போட்டுட்டாங்க.”

சிரிப்பை அடக்கியதில் ஞானாம்பாளின் உதடு துடித்தது. “சரி, வாயில்லாத புழு எப்படிச் சாப்பிடுது?”

இந்தக் கேள்விக்குத்தான் பர்வதம் பயந்துகொண்டிருந்தாள். தோலால் உறிஞ்சுகிறது, குழாயால் இழுக்கிறது என்று எதையாவது அடித்துவிட்டால் இங்கே யாருக்குத் தெரியப் போகிறது? வேலையும் கிடைத்துவிடும்.

“தெரியலீங்க,” என்றாள். “சொல்றதுக்குள்ள கரண்ட் போயிடிச்சு.”

சிரித்த சிரிப்பில் ஞானாம்பாள் சுண்டலைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. “அதைக் கண்டுபிடிச்சவங்களே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்களாம். லீவு முடிஞ்சதும் வந்துடுங்க. ஆனா வேலை பாட்டில் கழுவறதுதான், பாடம் நடத்தறது இல்ல!”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, பர்வதம் தன் மதியச் சாப்பாட்டில் மிச்சம் வைத்திருந்த தயிரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். கடலடியில் இருப்பவை இவை இல்லை, தூரத்துச் சொந்தம் என்று ஞானாம்பாள் முன்பே சொல்லிவிட்டார். அவள் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தாள்.

“அம்மாடி! கறுப்பா, பெருசா இருக்குதுங்க! ஆடுது!”

“அது உங்க கண்ணிமை முடி. இன்னும் கிட்ட வந்து பாருங்க,” என்றார் ஞானாம்பாள்.

பர்வதம் வந்து பார்த்தாள். ஞானாம்பாள் சாவிக்கொத்தை இரண்டு தடவை ஆட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

வீட்டில் கனகசபாபதி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “பாத்தாச்சா? எப்படி இருந்திச்சு?”

“பொடிப்பொடியா, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம். நான் சரியாத்தாங்க தூவியிருந்தேன்,” என்றாள் பர்வதம். “அக்காதான் தாமரை ஆக்கிட்டாங்க.”