மேஸ்திரி குடை எண்ணிய தலைகள்

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே எங்களைத் தலையை எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். ஓசூரைத் தாண்டி, சேலம் ஜில்லா முடிந்து மைசூர் ராஜ்யம் தொடங்கும் இடத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. கம்பெனி ஆட்கள் பித்தளை வில்லையைக் காட்டி முன்வாசலில் நுழைவார்கள். மேஸ்திரி ரங்கப்பா கூட்டி வந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் பக்கவாசலில் வரிசையாக நிற்போம். அவர் மடக்கிய குடையை ஒவ்வொரு தலைக்கும் நேராக நீட்டி எண்ணுவார். எங்கள் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. சந்தையில் ஆடு பிடிக்கிறவர்கூட இன்னும் கொஞ்சம் நின்று பார்ப்பார்.

சாமல்பட்டியில் இருந்தபோது, "நீ யாரு ஆளுடா?" என்று கேட்டால் நிலத்துக்காரர் பெயரைச் சொல்வோம். அதுதான் நமக்கு விலாசம். இங்கே வந்ததும் அந்த இடத்தில் ரங்கப்பா பெயர் உட்கார்ந்துகொண்டது. எனக்கும் என் அக்காள் புருஷன் சின்னப்பனுக்கும் வேலை வாங்கித் தந்தவர் அவர். மத்திகிரியில் வாடகை வீடு பிடித்துத் தந்தவரும் அவரே. தொழிற்சாலைகளைச் சோதிக்கும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தால், கம்பெனிப் புத்தகத்தில் பெயர் இல்லாத எங்களைப் பின்பக்கத்து மாந்தோப்புக்கு விரட்டுவார்கள். காய் பறிக்க வந்த கூலிகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். சும்மா கிடைத்த ஓய்வு என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் தகடு வெட்டும் மிஷினில் சின்னப்பன் மாமாவின் வலதுகை விரல்கள் இரண்டு நசுங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்து, தகவல் இல்லாமல் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. மற்றவர்கள் தோப்புக்கு ஓடினார்கள். மாமாவின் கையைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்த நான் எங்கே ஓடுவது? இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, வெளியிலிருந்து வந்தவர்கள் என்று மானேஜர் கன்னடத்தில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "நீனு யார ஆளு?" என்றார்.

"ரங்கப்பா மேஸ்திரி ஆளுங்க சாமி," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. மானேஜர் முகம் மலர்ந்தபோதுதான் நான் செய்த காரியம் உறைத்தது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. தமக்குத் தெரிந்த தமிழில், "அந்த மிஷின்ல நிக்கச் சொன்னது யாரு?" என்றார்.

"கம்பெனி போர்மன்தானுங்க."

"யார் மூலமா வந்தாலும் இங்க வேலை செஞ்சா இந்தப் பேக்டரி தொழிலாளிதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது. இப்ப சொன்னதை எழுதுறேன், கையெழுத்துப் போடுவியா? சாட்சி இல்லேன்னா இவரு இங்க அடிபடவே இல்லேன்னுடுவாங்க."

அதற்குள் ரங்கப்பா ஓடி வந்து என் காதருகே குனிந்தார். "டேய், உன்ன இட்டுனு வந்தது யாருன்னு நெனச்சுப் பாத்துக்கோ."

"வேணாம் மாப்ளே, இருக்கற வேலையும் பூடும்," என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த நிலையிலும் அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. கையெழுத்துப் போட்டேன்.

மாமாவைக் கம்பெனி வண்டியிலேயே பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எங்கள் பன்னிரண்டு பேரின் பெயர்களும் இன்ஸ்பெக்டர் கண் முன்னால் தொழிலாளர் பதிவேட்டில் ஏறின. முதல் பெயர் என்னுடையது.

மறுநாள் காலை பக்கவாசலில் குடை வரிசையாக நகர்ந்து வந்தது. என் தலையைத் தாண்டி அடுத்த தலைக்குப் போனது. பத்து என்று எண்ணிக்கை முடிந்தது. எண்ணப்பட்டவர்கள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். நான் முன்வாசலுக்குப் போனேன். காவற்காரன் வில்லை கேட்டான். பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்றேன். "யார ஆளு நீனு?" என்றான். பழக்கத்தில் ரங்கப்பா பெயர் நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். வேறு பெயர் எதுவும் என்னிடம் இல்லை.

இன்றோடு ஆறு நாள். இன்ஸ்பெக்டர் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை நானும் தினமும் வருகிறேன். சங்கு ஊதும்போது இரண்டு வாசலுக்கும் நடுவில், மதிலோரமாக நிற்கிறேன். உள்ளே புத்தகத்தில் என் பெயர் வேலை செய்துகொண்டிருக்கிறது.