கழுவிவிட்ட பசுக்கள்

எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைக் குப்பையில் போட்ட சரித்திரமே இல்லை. கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைப்பேன். அந்தப் பழக்கம்தான் ஒருநாள் என் வேலைக்கே உலை வைத்தது.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் சோஹோவில் கார்ட்டூன் விளம்பரம் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வர்ணம் தீட்டச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். பார்க்கிங் என்ற பகுதியில் தையல் இயந்திரத்தோடு மாரடித்தவளுக்கு இது சொர்க்கம், விடுவேனா? கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தாளின் முன்பக்கம் கோட்டுப்படம் இருக்கும். பின்பக்கம் நாங்கள் வர்ணம் தீட்டவேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள்.

படம் வரைபவர் ஓர் அமெரிக்கக் கிழவர். அங்கே தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய குட்டிக் கார்ட்டூன்களை அந்தக் காலத்தில் வரைந்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை, கமராக்காரர் படம்பிடித்து முடித்த முப்பத்தெட்டுத் தாள்கள் மூலையில் கிடந்தன. வெண்ணெய் விளம்பரத்துப் பசு. நல்ல பிளாஸ்டிக் வீணாகப் போகிறதே என்று, சாப்பாட்டு நேரத்தில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, ஒரு கோடு மிச்சமில்லாமல் கழுவி அடுக்கினேன். பாராட்டுவார்கள் என்று வேறு நினைத்தேன், புத்திகெட்ட விசரி!

பின்னேரம் கமராக்காரர் ஓடிவந்தார். படம் மங்கலாம், திங்கட்கிழமை திரும்ப எடுக்கவேண்டுமாம். மேற்பார்வைக்காரி தாள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இனி வரவேண்டாம், வீட்டுக்குப் போ என்றாள்.

கிழவர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அமெரிக்க ஸ்டூடியோவில் அவருடைய முதல் வேலையே இதுதானாம். ஒரு படத்துத் தாள்களைக் கழுவித்தான் அடுத்த படத்துக்கு எடுப்பார்களாம். இன்றைய பூனை போய் நாளைக்கு முயல் வருமாம்.

அந்தச் சிரிப்பு எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. திங்கள் காலையில் பசு நிற்கும், நிற்காவிட்டால் நானே போகிறேன் என்று மேற்பார்வைக்காரியிடம் சொன்னேன்.

வீட்டில் இவர் தலையில் கைவைத்தார். "உமக்கென்ன விசரே? வீட்டு டப்பா காணாதெண்டு கொம்பனிப் பசுவையும் கழுவிப்போட்டீரோ?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. சனி ஞாயிறு நீங்கள்தான் சமையல்."

காகிதத்தில் வரைந்த பசு கிழவரிடம் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்து இரண்டு நாளும் கம்பெனியிலேயே அவர் கோடு போடப் போட, நான் தீட்டினேன். கழுத்து விறைத்துவிட்டது. வேலைக்கிடையே கதை சொன்னார். அந்த அமெரிக்க ஸ்டூடியோவில் வர்ணம் தீட்டியவர்கள் எல்லாரும் பெண்களாம். தனிக் கட்டடமாம். திரையில் அவர்கள் பெயரே வராதாம். அவர்களில் ஒருத்தியைத்தான் அவர் கல்யாணம் கட்டியிருக்கிறார்.

"அவள் தீட்டியதைத்தான் நான் கழுவினேன். இப்போது அவளும் இல்லை, அவள் கைபட்ட தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை" என்றார்.

பசுவின் மேல் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை படம் துல்லியமாக வந்தது. மேற்பார்வைக்காரி கடைசித் தாளைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வா. கழுவும் தொட்டிப் பக்கம் மட்டும் போகாதே" என்றாள்.

அன்று புறப்படும்போது கிழவர் ஒரு பசுவைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். எனக்கு என்றுதான் நினைத்தேன்.

"உன் கணவரிடம் கொடு. கழுவாமல் வைத்திருக்கச் சொல்" என்றார்.

இவர் அதற்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். தூசி தட்டக்கூட என்னை விடுவதில்லை.

"நீர் கிட்ட வராதையும்" என்பார். "உம்மை நம்பேலாது."